தேடுகிற பெட்டி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ரெஜின்ராஜ் கடையில்
மூன்று பெடல்கள்.
மழை. பாலத்தின் மூட்டு வழியாக ஒழுகுகிற தண்ணீர்
சொல்லிவைத்த மாதிரி என் பைக் சீட்டில்தான் விழுகிறது.

"வாசிச்சுப் பாத்துட்டு எடு மக்கா,
எடுத்துட்டுப் போயி வாசிச்சுப் பாக்காத" என்கிறான்.
ஆம்ப்புக்கு ஒரு கால் இல்லை. செங்கல் வைத்திருக்கிறான்.

முதலாவது பச்சை. ஃபில்டர்.
மெதுவாகத் தொட்டால் 'உ'.
இன்னும் கொஞ்சம், 'ஒ'.
அறைந்தால் 'ஆ'வென்று வாய் பிளக்கிறது.
இத்தனை வருஷமும் என் பேஸ்
தலையில் புள்ளி வைத்த 'ம்'மாகவே கிடந்திருக்கிறது.
இது அதன்மேல் உயிரை ஏற்றுகிறது.
ஆனால் என் விரலின் கோபம், சோம்பல்,
காலையில் சாப்பிடாதது,
எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.
ரகசியம் தங்காத வாய்.

இரண்டாவதும் ஃபில்டர்தான்.
குமிழைத் திருகி வேகம் வைத்துவிட்டால்
தானே திறந்து தானே மூடும்.
நான் அழுதுகொண்டு வாசித்தாலும்
கொட்டாவி விட்டுக்கொண்டு வாசித்தாலும் ஒன்றுதான்.
எனக்குத் தெரிந்த சத்தம் இது.
ஆரல்வாய்மொழியில் காற்றாடிக்கு ஏணி ஏறுகிற வேலை எனக்கு.
கீழே நின்றால் ஒவ்வோர் இறக்கை கடக்கும்போதும்
ஊவ்
ஊவ்
ஊவ்
ஆனியில் ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும்.
சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிற சத்தத்தை
காசு கொடுத்து வாங்குவதா?

மூன்றாவது சின்த்.
கறுப்புப் பெட்டி. திருகாணி ஒன்று குறைவு.
கொல்லங்கோட்டுக்காரன் யாரோ விற்றுவிட்டுப் போனதாம்.
இது என் சுரத்தை வாங்கிக்கொள்வதில்லை,
காதில் போட்டுக்கொண்டு தன்னுடையதை ஒன்றைச் செய்கிறது,
தடியாக, சதுரமாக,
டீசல் ஜெனரேட்டர் சங்கீதம் படித்த மாதிரி.
இரண்டு கம்பியைச் சேர்த்துத் தொட்டால்
யாருக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் உளறுகிறது.
மேலே சரி. நடுவிலும் சரி.
கீழே, விரல் வைக்காத ஈ கம்பியில்
கால் நொடி
அங்கே இங்கே தடவுகிறது.
பிறகுதான் அமர்கிறது.

"டிராக்கிங் கொஞ்சம் மோசம். மறைக்க மாட்டேன்.
அதுக்கு ஆயிரம் கொறைச்சுக்கலாம்."

பெமிலாவுக்கு போன் போட்டு மூன்றையும் வாசித்துக் காட்டினேன்.
கீபோர்டு அவள்தான், கணக்கும் அவள்தான்.
"ஒண்ணும் கேக்கல்ல," என்றாள்.
"கேக்காததுதான் நல்லா இருக்கு, அதையே எடு."
போனில் பேஸ் எப்படிக் கேட்கும்?
ஞாயிற்றுக்கிழமை முட்டத்தில் ரிசப்ஷன்.
மாப்பிள்ளை வீட்டார் சொன்னது எட்டு மெலடி, இரண்டு குத்து.
பத்திலும் இந்தப் பெட்டிகளுக்கு வேலை இல்லை
என்பதையும் சொன்னாள்.

மறுபடி ஈ.
மறுபடி அந்தக் கால் நொடி.

முப்பந்தல் பக்கம் கடைசி வரிசையில்
நாற்பத்தொன்றாம் நம்பர் நிற்கிறது.
காற்று திசை மாறினால் மற்றவை சட்டென்று முகம் திருப்பும்.
இது மட்டும் இடது பக்கம் கொஞ்சம் போகும்,
நிற்கும்,
வேண்டாமென்று வலது பக்கம் வரும்.
சென்சாரை இரண்டு தடவை மாற்றியாயிற்று.
ரிப்போர்ட்டில் 'காற்றைத் தேடுகிறது' என்று எழுதுவேன்.
இன்ஜினியர் அதை அடித்துவிட்டு
'பழுது' என்று எழுதுவார்.
மேலே அதன் மண்டைக்குள் நிற்கும்போது
அந்தத் தேடல் பூட்ஸ் வழியாக
முழங்கால் வரை ஏறும்.
காதுக்கு எட்டாத சத்தம் அது.
அதை நான் யாரிடமும் சொன்னதில்லை,
சொல்ல வாயும் இல்லை.

ரெஜின்ராஜ் பில் எழுதிக்கொண்டே,
"பச்சையத்தான் எடுப்பேன்னு நெனச்சேன்லே."
நானும்தான்.

ஆயிரம் குறைத்தான்.
அடாப்டர் தனியாம், ஐந்நூறு.
திருகாணிக்கு அவனிடம் பதிலில்லை.
சீட்டைக் கையால் வழித்துவிட்டு
பெட்டியைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டேன்.

ஞாயிறு, எட்டு மெலடி, இரண்டு குத்து.
பந்தி நீண்டுபோய்
பதினொன்றாவதாக ஒன்று கேட்கமாட்டார்களா,
ஈ-யில் தொடங்குவதாக.